தோட்டம் கைமாறும்போது லயத்து மக்கள் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம் விற்பனைக்குப் போகப் போகிறது என்பதை நோட்டீஸ் வருவதற்கு வெகு முன்பே கண்டுபிடித்துவிடலாம். கிழ மரங்களை வெட்டுவார்கள், மறுநடவு நடக்காது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், கூரைத் தகரம் ஓட்டையானால் மாற்றித் தர மாட்டார்கள். சர்வேயர்கள் வந்து முளை அடித்துச் சிவப்புத் துணி கட்டுவார்கள். ஓய்வு பெறுகிறவர்களின் இடத்துக்குப் புது ஆள் எடுக்காமல், குத்தகைக்காரர் மூலம் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுவார்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து கண்ணில் பட்டாலே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் கைக்கு வந்த பிறகு கூடுகிறவர்கள் பாதி நேரத்தை இழந்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

பதாகை பிடிக்கும் அந்த ஒரு நாள்தான் பத்திரிகையில் வரும். அதற்கு வலு கொடுப்பது, முன்பே பல மாதங்கள் வீடு வீடாக நடந்த வேலை. தோட்டப்புறப் போராட்டங்கள் தோற்ற இடங்களைப் பார்த்தால், கூட்டம் சேராததால் தோற்றவை குறைவு. நாலைந்து குடும்பங்கள் தனித்தனியே ஆபீசுக்குப் போய், வீட்டைக் காலி செய்கிறோம் என்று கையெழுத்துப் போட்டதால் தோற்றவைதான் அதிகம். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கையெழுத்தைத் தடுப்பதற்கான வழிகள்தான்.

முதல் வேலை, நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்வது. நில அலுவலகத்தில் லாட் எண்ணை (நிலத்துண்டின் பதிவு எண்ணை) கொடுத்துக் கட்டணம் கட்டினால் ‘சாரியான்’, அதாவது பதிவுத் தேடல், செய்து தருவார்கள். உரிமையாளர் பெயர், பரப்பளவு, நிலத்தின் வகை, அடமானம் எல்லாம் அதில் இருக்கும். லாட் எண் தெரியாவிட்டால் தமிழ்ப்பள்ளியின் பழைய கோப்புகளிலும் மேம்பாட்டு அறிவிப்புப் பலகைகளிலும் தேடுங்கள். நிலம் இன்னும் விவசாயம் என்றே பதிவாகியிருந்தால் நல்லது. அதைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு நிபந்தனை போடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ‘லயத்து மக்களுக்கு மாற்று வீடு கட்டித் தராமல் ஒப்புதல் தராதீர்கள்’ என்று கேட்க வேண்டிய காலம் அதற்கு முன்புதான். ஒப்புதல் கிடைத்துவிட்டால் கம்பெனிக்கு நம்மிடம் பேச வேண்டிய அவசியம் பாதியாகக் குறைந்துவிடும். இவ்வளவு முக்கியமான தாளைப் பல தோட்டங்களில் யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது வீட்டுப் பதிவேடு. ஒரு தடித்த நோட்டில் வீட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். குடும்பத்தலைவர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வேலையில் சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெற்றிருந்தால் அந்த ஆண்டு, வீட்டில் இருக்கும் எல்லாருடைய பெயர், திருமணமாகி அதே வீட்டில் தனிக்குடும்பமாக இருக்கும் பிள்ளைகள், சம்பளச் சீட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கையும் இருக்கின்றனவா என்ற குறிப்பு. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தால் அதையும் நகலெடுங்கள். எத்தனை தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கிறோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. வீட்டை முன்னும் பின்னும் படம் எடுத்து, சொந்தச் செலவில் போட்ட அடுப்படி, சிமெண்டுத் தரை, வேலி, பழமரங்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நகல் மூன்று வேண்டும். ஒன்று செயலாளரிடம், ஒன்று தோட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம், ஒன்று கைப்பேசியில்.

பதிவேடு எழுதும்போது வழக்கமாக மூன்று கூட்டத்தார் விடுபட்டுப் போவார்கள். ஓய்வு பெற்றவர்கள், குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்கள், தோட்டத்தில் பிறந்து இப்போது தைப்பிங்கிலோ ஈப்போவிலோ தொழிற்சாலை வேலைக்குப் போய் வருகிறவர்கள். இந்த மூன்று வகையினருக்கும் உரிமை இல்லை என்றுதான் கம்பெனி முதலில் சொல்லும். வேலை உறவு முடிந்தவர்களுக்கு வீட்டு விஷயத்தில் சட்டம் தரும் காப்பு மெலிந்தது என்பது உண்மை. அதனாலேயே அவர்களைப் பட்டியலில் சேர்த்து ஒரே கோரிக்கையாக வைக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வீடு என்று ஒப்புக்கொண்டால் லயத்தில் மிச்சமிருப்பது வயதானவர்கள் மட்டுமே. அவர்களால் தனியே நிற்க முடியாது.

இந்த ஊரில் வயதானவர்களிடம் ஒரு தயக்கம் உண்டு. அதைக் கோழைத்தனம் என்று இளையவர்கள் நினைக்கக் கூடாது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்து எல்பில், பின் சூன் தோட்டங்களில் 3 ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் பிடிக்கப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். ‘சங்கம், கூட்டம் என்றால் வீட்டுக்கு ஆபத்து’ என்று பெற்றோர் சொல்லி வளர்த்த தலைமுறை இன்னும் லயத்தில் இருக்கிறது. அவர்களிடம் முழக்கம் எடுபடாது. பாட்டியின் வயதில் இருக்கும் இன்னொரு பாட்டி போய் உட்கார்ந்து, எந்தச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பொறுமையாகச் சொன்னால் எடுபடும்.

நடவடிக்கைக் குழுவுக்கு 7 அல்லது 9 பேர் போதும். ஒவ்வொரு லயத்துக்கும் ஒருவராவது இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பகலில் யார் வீட்டுக்கு யார் வந்து என்ன பேசினார்கள் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். கங்காணி (வேலை மேற்பார்வையாளர்), கிராணி (ஆபீஸ் எழுத்தர்) குடும்பத்தாரைப் பொறுப்பில் வைக்காமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது; இரண்டு பக்கமும் நெருக்குதல் வரும். அரசியல் கட்சிக் கிளைத் தலைவர் உறுப்பினராக இருக்கலாம், பேச்சாளராக இருக்க வேண்டாம். தேர்தல் முடிந்ததும் கட்சி நிலைப்பாடு மாறும், அப்போது போராட்டமும் சேர்ந்து மாறிவிடும். செயலாளரும் பொருளாளரும் வெவ்வேறு குடும்பமாக இருக்கட்டும். மாதம் வீட்டுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) வசூலித்தால் நகல் எடுக்கவும் பஸ் பிடிக்கவும் சரியாக இருக்கும். கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் வரிக்கு வரி உரக்க வாசியுங்கள். பணச் சந்தேகம் ஒன்று எழுந்தால் குழு உடைய ஒரு வாரம் போதும்.

கூட்டத்தை இரவு 8 மணிக்குமேல், சமையல் முடிந்த பிறகு வையுங்கள். சம்பள நாளில் வேண்டாம். முடிவுகளை எழுதி, வாசித்துக் காட்டி, வந்தவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

இப்போது அந்தத் தனிக் கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். கம்பெனி ஒருபோதும் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிடாது. முதலில் யாருக்கு அவசரமாகப் பணம் தேவை என்று விசாரிக்கும். மகள் கல்யாணக் கடன் உள்ளவர், டயாலிசிஸ் போகிறவர், மகன் வழக்கில் மாட்டியவர், இப்படி ஓரிரு வீடுகளுக்குத் தனியாக ஆள் வரும். தொகை சிறியதுதான், ஆனால் கையில் ரொக்கம். அவர் கையெழுத்திட்டு வீட்டைக் காலி செய்ததும் மறுநாளே அந்த வீட்டின் கூரையைப் பிரித்துவிடுவார்கள். காலி வீடுகளுக்கு நடுவே இருப்பவர்களுக்குப் பயம் தானாக வரும். பத்து வீடு போனால் மிச்சம் இருபதும் ஒரு மாதத்தில் போய்விடும். கையெழுத்துப் போட்டவரைத் துரோகி என்று திட்டிப் பயனில்லை. அவருடைய நெருக்கடி ஆபீசுக்குத் தெரிந்திருந்தது, குழுவுக்குத் தெரியவில்லை. அதனால் பதிவேடு எழுதும்போதே எந்தெந்த வீடு பலவீனமானது என்று குழு மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அதை நோட்டில் எழுதக் கூடாது, அடுத்தவர் கையில் கிடைக்கும். அந்த வீடுகளுக்கு மருத்துவமனைப் போக்குவரத்து, பள்ளிச் செலவு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) மனு என்று முடிந்த உதவியை முன்கூட்டியே செய்யுங்கள். குழு வசூலில் ஒரு பங்கு இதற்குத்தான்.

கூடவே ஒரு கூட்டு உறுதிமொழி எழுதி எல்லாக் குடும்பத்தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். யாரும் தனியாக ஆபீசுக்குப் போக மாட்டோம், அழைத்தால் குழுவில் இருவரோடு போவோம், கொடுக்கும் தாளை வாங்கிக்கொண்டு ‘குழுவில் பேசிப் பதில் சொல்கிறோம்’ என்று மட்டும் சொல்வோம் என்பது அதன் சாரம். இந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டத்தில் நடித்தே பழக வேண்டும். ஒருவர் மேனேஜராகப் பேசட்டும், மற்றவர் பதில் சொல்லட்டும். பழகாதவர்கள் துரை முன்னால் போனதும் தலையாட்டிவிடுவார்கள்.

வேலை இழப்பு ஈட்டுத்தொகையும் வீடும் வேறு வேறு. இரண்டையும் கலக்க விடாதீர்கள். 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி 2 ஆண்டுக்குக் குறைவான வேலைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள், 5 ஆண்டும் அதற்குமேலும் 20 நாள். கணக்குக்கு எடுப்பது கடைசி 12 மாதச் சராசரி நாள் சம்பளம். ஒருவருக்கு அந்தச் சராசரி 65 வெள்ளி, வேலை 22 ஆண்டு என்றால் 65 × 20 × 22 = 28,600 வெள்ளி. முன்னறிவிப்பு 2 ஆண்டுக்குக் குறைந்தவர்களுக்கு 4 வாரம், 5 ஆண்டுக்குள் 6 வாரம், அதற்குமேல் 8 வாரம். இந்தக் கணக்கை ஒவ்வொரு தொழிலாளருக்கும் குழுவே போட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி தரும் 15,000 வெள்ளிக் காசோலையைப் பெரிய தொகை என்று நினைக்கிறவருக்கு, சட்டப்படி வர வேண்டியதே அதைவிட அதிகம் என்று அப்போதுதான் தெரியும். காசோலையோடு வரும் தாளில் ‘பெனியெலெசாயான் பெனு டான் முக்தாமாட்’ என்று இருந்தால் நிறுத்துங்கள். எல்லாம் தீர்ந்தது, இனி எதையும் கேட்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்வது அது. காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று புகார் செய்ய 60 நாள்தான் கெடு. ஒரு நாள் தாண்டினாலும் மனு நிற்காது.

தோட்டம் கைமாறும்போது புது முதலாளி, மாறிய 7 நாளுக்குள் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்து, தொழிலாளி காரணமின்றி மறுத்தால் ஈட்டுத்தொகை கிடையாது. ஆகவே அந்த வாரத்தில் வரும் எந்தக் கடிதத்தையும் கோபத்தில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வெளியேற்ற நினைக்கும்போது முதலில் தண்ணீரிலும் மின்சாரத்திலும் கைவைப்பார்கள். 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446, தொழிலாளர் குடியிருப்பில் தண்ணீர், மின்சாரம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. குழாய் வறண்ட அன்றே தேதியோடு படம் எடுத்து லேபர் ஆபீசில் எழுத்தில் புகார் கொடுங்கள், பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட்டும் போடுங்கள். அதே தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குடியிருப்பையும் புகாரில் சேர்க்க வேண்டும். சட்டம் அவர்களுக்கும் உண்டு. அவர்களை எதிரியாக நினைக்க வைப்பதால் கம்பெனிக்குத்தான் லாபம்.

கடிதங்களுக்கு ஒரு வரிசை உண்டு. மேனேஜருக்கு எழுதி 14 நாள், பிறகு தலைமை அலுவலகம், அடுத்து லேபர் ஆபீஸ், மாநில ஆட்சிக்குழு உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர். மலாயில் எழுதி, தமிழில் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு நகலிலும் ‘தெரிமா’ சாப், அதாவது பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, வாங்க வேண்டும். சாப் இல்லாத கடிதத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு.

மகஜர் (கோரிக்கை மனு) இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், கோரிக்கைகள் நான்கைத் தாண்ட வேண்டாம். நிறைவேறியதா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லக்கூடியதாக ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் கோரிக்கைகள் அப்படித்தான் இருந்தன: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்கள் மீதான அத்துமீறலுக்கு முடிவு, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது. எத்தனை தலைமுறை கழித்துக் கேட்டாலும் புரியும் தெளிவு அது. அந்தப் போராட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மே மாதம் நாதன் கைதானதும் போராட்டம் அவரை விடுவிக்கும் போராட்டமாக மாறியது. துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒருவரைப் பிடித்தால் மொத்தமும் நின்றுவிடும் நிலையை எந்தக் குழுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. பேச்சாளர் இருவர், அவர்கள் இல்லாவிட்டால் பேச இன்னும் இருவர் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.

கடிதங்களுக்குப் பதில் இல்லை என்று ஆன பிறகுதான் மறியல். 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். மாவட்டப் போலீஸ் தலைவருக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். முதலில் 10 நாள் என்றிருந்ததை 2019 திருத்தம் 5 நாளாக்கியது. அறிவிப்பு தராததற்குத் தண்டனை விதிக்கும் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தாலும் அறிவிப்பைக் கொடுத்துவிடுவதே நல்லது. போக்குவரத்து, நேரம், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் போலீசாருடன் முன்பே பேசி முடிக்க அது வழி செய்கிறது.

இடம் தேர்வதில்தான் தோட்ட மக்கள் அதிகம் தடுமாறுவது. கூடுவது என்றால் கோயில் வாசல், இல்லாவிட்டால் தமிழ்ப்பள்ளித் திடல் என்பது நம் வழக்கம். ஆனால் வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், ரயில் நிலையம் எல்லாம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட இடங்கள். அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பேரணி கூடாது. தோட்டத்துக் கேட்டுக்கு உள்ளே கம்பெனி நிலம். ஆகவே கேட்டுக்கு வெளியே, சாலையோரம், வண்டிகளை மறிக்காமல் நிற்பதுதான் சரி. முதல் நாளே போய் நாடா வைத்து அளந்து பாருங்கள். ஏற்பாட்டாளர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அழைத்துவரக் கூடாது, குடியுரிமை இல்லாதவர்கள் கலந்துகொள்ள முடியாது. சிவப்பு ஐசி வைத்திருக்கும், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளான, நம் வயதானவர்களும் இதில் அடங்குவார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் போராட்ட வேலைதான்.

ஈப்போவுக்குப் போய் மந்திரி புசார் (மாநில முதல்வர்) அலுவலகத்தில் மகஜர் கொடுப்பதானால் செவ்வாய் அல்லது புதன், காலை 10 மணி நல்லது. வெள்ளி மதியம் 12.15 முதல் 2.45 வரை அலுவலகம் ஓய்வு. வெளியூரிலிருந்து 300 பேர் வருவதைவிட, வீட்டுக்கு ஒருவராக 60 பேர் வருவது கனமானது. அதிகாரி பட்டியலைப் புரட்டிப் பார்க்கும்போது அத்தனை பெயரும் எதிரிலேயே நிற்கும். 15 பேருக்கு ஒரு தொண்டர், போலீசாரோடு பேச ஒருவர், உள்ளே போக மூவர், படம் எடுக்க இருவர், தண்ணீரும் மருந்தும் கவனிக்க ஒருவர். பதாகை மலாயில், மூன்று நான்கு சொல்லில், சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து படிக்கும் அளவில் எழுதுங்கள். பத்திரிகை அறிக்கையை மலாயில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் தயாராக வைத்திருங்கள். வழக்கறிஞரின் எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், கைப்பேசியைத்தான் முதலில் வாங்குவார்கள். கைதானால் உறவினருக்குச் சொல்லவும் வழக்கறிஞரைக் கேட்கவும் உரிமை உண்டு. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க முடியாது. பெயர், ஐசி, முகவரி சொல்லிவிட்டு மற்றதை வழக்கறிஞர் வந்த பிறகு சொல்கிறேன் என்று நிறுத்திக்கொள்ளலாம்.

நீதிமன்றத்தாள் கதவில் ஒட்டப்பட்டால் கிழித்துப் போடாதீர்கள். நிலத்தில் இருப்பவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் வெளியேற்ற உத்தரவு கேட்க நீதிமன்ற விதிகளின் 89-ஆம் கட்டளை இடம் தருகிறது. ‘என் பெயர் இல்லையே’ என்று விட்டவர்கள் தேதியைத் தவறவிடுகிறார்கள், எதிர்த்தரப்பு இல்லாமலே உத்தரவு வந்துவிடுகிறது. ஒட்டிய அன்றே வழக்கறிஞரிடம் பதிவேட்டோடு போக வேண்டும். புல்டோசர் வந்து நின்றால் உத்தரவைக் காட்டச் சொல்லி லாட் எண்ணும் தேதியும் சரியா என்று பாருங்கள். தவறான லாட்டுக்கு வண்டியை ஓட்டிய இடங்கள் உண்டு.

பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் அறையிலேயே எதற்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. வாய்மொழி வாக்குறுதியின் விலை என்ன என்பதைப் புத்ராஜெயாவே சொல்லும். பேராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் நிலத்தில்தான் அந்நகரம் எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். தரைவீடு என்ற எதிர்பார்ப்போடு போனவர்கள் விரிசல் விட்ட சுவர்களுக்குள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் லாட் எண், வீடுகளின் எண்ணிக்கை, சதுர அடி, கட்டி முடிக்கும் தேதி, அதுவரை வாடகை யார் தருவது, தாமதமானால் அபராதம், கிராண்ட் (பட்டா) யார் பெயரில் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தின் சம்மத உத்தரவாகப் பதிவு செய்யுங்கள். மீறினால் மறுபடி முதலிலிருந்து வழக்குப் போட வேண்டியதில்லை.

ஒரு தோட்டத்தின் வெற்றி அந்தத் தோட்டத்தோடு நின்றால் அடுத்த தோட்டம் மறுபடியும் அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாருங்கள். தொழிற்சங்கங்களும் தோட்டச் சமூக ஆதரவுக் குழுவும் ஒடுக்கப்பட்டோர் இயக்கமான ஜெரிட்டும் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2008 டிசம்பரில் ஜெரிட் தொண்டர்கள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் சைக்கிளில் நாடாளுமன்றம் வரை போனார்கள், வழியெங்கும் தடுக்கப்பட்டார்கள். 2011-இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 வெள்ளி, 2025 பிப்ரவரியில் 1,700. ஒவ்வொரு தோட்டத்துச் சம்பளச் சீட்டும் அந்த வாதத்துக்குச் சான்றாகப் பயன்பட்டது. நம் வட்டாரத்திலேயே இன்னொரு வழியும் தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கித் தோட்டத்தையே வாங்கினார்கள். மறியலும் சேமிப்பும் ஒன்றுக்கொன்று எதிரல்ல.

வீடு கிடைத்ததும் குழுவைக் கலைத்துவிடுகிறார்கள், அங்கேதான் பள்ளியும் கோயிலும் கைநழுவுகின்றன. அரசின் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் தோட்ட நிலத்தில் நிற்கின்றன. பள்ளி நிலத்தையும் கோயில் நிலத்தையும் தனி லாட்டாகப் பிரித்து, உரிய பெயருக்கு மாற்றித் தரும் விதியை அதே ஒப்பந்தத்தில் போட வேண்டும். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருந்தால் எத்தனை வீடு கேட்பது, பெற்றோர் இறந்திருந்தால் எந்தப் பிள்ளையின் பெயருக்குக் கிராண்ட் என்பதைச் சாவி கைக்கு வருவதற்கு முன்பே குடும்பத்தாரை உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். கடைசி வீட்டுக்காரர் பெயரில் கிராண்ட் வரும்வரை மாதம் ஒரு கூட்டமாவது நடக்கட்டும். பதிவேட்டின் ஒரு நகல் பக்கத்துத் தோட்டத்துக் குழுவுக்குப் போகட்டும். எப்படி எழுதுவது என்று அவர்கள் அதைப் பார்த்தே தொடங்கலாம். ஐசி எண்களை மட்டும் மறைத்துவிட்டுக் கொடுங்கள்.